பலகையில் வராத முகம்

போன வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு பெண்ணின் முகம் காணாமல் போனது.

தலைமயிர் இருந்தது. புருவம் இருந்தது. கண், உதடு, காதில் தோடு, கழுத்தில் சங்கிலி... எல்லாம் வடிவாக இருந்தன. நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதுவும் ஐந்தாவது தடவையாக!

பயப்படாதீர்கள், பொலிஸ் விஷயம் இல்லை. என்னுடைய லேசர் மெஷின் விஷயம்.

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். கேக் ஐசிங் பழகினேன், விட்டேன். தையல் மெஷின் வாங்கினேன், இப்போது அதன் மேல் உடுப்பு மடித்து வைக்கிறோம். போன மாரிகாலம் வந்து சேர்ந்தது இந்த லேசர். நாலு சப்பாத்துப் பெட்டியைச் சேர்த்து வைத்த அளவு. கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால், சின்ன நீலக் கதிர் ஒன்று பலகையின் மேல் அங்கும் இங்கும் ஓடி, புள்ளி புள்ளியாகச் சுட்டு, படத்தை அப்படியே மரத்தில் கொண்டுவந்துவிடும். வீடியோவில் அப்படித்தான் காட்டினார்கள். வீடியோவில் எது சரிவராமல் போயிருக்கிறது, சொல்லுங்கள்?

இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்த நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் புத்தியாக நித்திரை கொள்கிறார்கள். நான் ஒரேத்தோப் பகுதியில், மூன்றாம் மாடிப் பால்கனியில், கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகை சுடுகிறேன்.

கீழ்வீட்டு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா, முதல் நாளே அண்ணாந்து பார்த்துக் கத்தினார். ஏதோ எரிகிறதாம், காயப்போட்ட விரிப்பெல்லாம் புகை மணக்கப்போகிறதாம். அடுத்த ஞாயிறு அவருடைய நாயின் படத்தை ஒரு பலகையில் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கன்னங்கரேல் என்ற நாய். வெயிலில் நின்று எடுத்த படம், மயிர் மயிராக அச்சொட்டாக வந்திருந்தது. அதற்குப் பிறகு என் புகை அவருக்கு மணக்கவே இல்லை!

அந்த நாய் மட்டும் ஏன் அவ்வளவு தெளிவாக வந்தது என்று அன்றைக்கே யோசித்திருந்தால், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. யோசிக்கவில்லை. என் கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

சரி, முகத்துக்கு வருவோம்.

சீலன் அண்ணை மன்னார்க்காரர். லிபெர்த்தா வீதியில் நான் காலையில் வேலை செய்கிற அதே கட்டிடத்தில், படுக்கையோடு இருக்கிற ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய மனைவி பிலோமினா, எனக்குப் பிலோமி அக்கா. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் வேலையில் சேர்த்துவிட்டவர். எந்தத் திரவம் எந்த மாபிள் தரையைக் கெடுக்கும், எந்த சிஞ்ஞோரா எதற்குக் கோபிப்பார் என்பதெல்லாம் அக்கா சொல்லித் தந்ததுதான். இன்றைக்கும் எனக்கு ஒன்றென்றால் முதலில் ஓடிப்போகிற வீடு அவருடையது.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். வெள்ளி விழா. போர்கோ வெக்கியோ பக்கத்துத் தேவாலயத்தில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு என்று ஏற்பாடு.

இரண்டு வாரத்துக்கு முன்னர் சீலன் அண்ணை படிக்கட்டில் என்னை மறித்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கடித உறையை நீட்டினார்.

“தங்கச்சி, அக்காவுக்குத் தெரியக் கூடாது. இந்தப் படத்தை உங்கடை மெஷின்லை பெரிசா அடிச்சுத் தருவியளோ? மண்டப வாசல்லை, கேக்குக்குப் பக்கத்திலை வைப்பம்.”

உள்ளே ஒரு ஸ்டூடியோப் படம். சேலை கட்டின இளம்பெண். பின்னால் நீலத் திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. முகம் மட்டும் அரிசிமாவைக் குழைத்துப் பூசினது போல வெள்ளை வெளேர். ‘இதார் அண்ணை?’ என்று கேட்க வாய் உன்னியது. நல்ல காலம், அவரே முந்திக்கொண்டார்.

“பிலோமிதான். கலியாணம் பேசேக்கை ஊரிலையிருந்து அனுப்பினது. இதைப் பாத்துத்தான் நான் ஓம் எண்டனான்.”

பிலோமி அக்கா நல்ல கறுப்பு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை... பாருங்கள், ‘குறையாகச் சொல்லவில்லை’ என்று ஒரு வரி சேர்த்து எழுதவேண்டி இருக்கிறதே, அதுதான் நம்முடைய வியாதி.

“அதுக்கென்ன அண்ணை, செய்து தாறன்” என்றேன். வாய் இருக்கிறதே, அது எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

முதல் பலகை மங்கலாக வந்தது. மழைநாளில் பஸ் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பது போல. காரணம் ஃபோகஸ். லேசரின் மூக்குக்கும் பலகைக்கும் நடுவில் இவ்வளவுதான் இடைவெளி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை அளக்க மெஷினோடு ஒரு சின்ன உலோகக் கட்டை தருவார்கள். நான் அதைக் கதவு அடிபடாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருந்தேன். எடுத்து வந்து அளந்து வைத்தேன்.

இரண்டாவது பலகையில் கூந்தல் கரியாகிவிட்டது. சக்தியைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. அப்படி இல்லையாம். மெதுவாக ஓடவிட்டுப் பலமாகச் சுட்டால் மரம் கருகும், அவ்வளவுதான். என்ரை மனுசன் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

“இதுக்கு மெஷின் என்னத்துக்கு? தோசைக்கல்லிலை வைச்சால் இதைவிடக் கெதியாக் கருகும்.”

நான் மார்க்கெட்டுக்குப் போய், பழக்கடைக்காரரிடம் தோடம்பழப் பெட்டிகளின் மெல்லிய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். நல்ல பலகையில் கை வைக்க முன்னர் சின்னச் சின்னக் கட்டங்களாக வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். மனுசனின் முகத்தையே வைத்துச் சுட்டேன். மீசை மட்டும் பிரமாதமாக வந்தது. அவருக்கு அதிலேயே சந்தோஷம்!

மூன்றாவது பலகையில் கோடுகளை நெருக்கிப் பார்த்தேன். நெருக்கினால் படம் நுணுக்கமாகும் என்று யாருக்குத்தான் தோன்றாது? சுட்ட புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிட்டன. கொஞ்சம் விலக்கினேன். தோடு மின்னியது, சேலைக் கரை தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. முகம் மட்டும் இல்லை.

நான்காவது தடவை, என்ன நடக்கிறது என்று மெஷின் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தேன். கதிர் தலைமயிரில் சரசரவென்று சுட்டுக்கொண்டு வருகிறது. முகத்தின் எல்லைக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. சும்மா ஓடுகிறது. மற்றப் பக்கம் போய்க் காதடியில் திரும்பவும் பற்றுகிறது. லேசருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: படத்தில் எங்கே கறுப்போ அங்கே சுடு, எங்கே வெள்ளையோ அங்கே பேசாமல் போ. அக்காவின் முகத்தில் சுடுவதற்கு ஒரு புள்ளி இல்லை.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் படம் ஏற்கெனவே வெள்ளை. கம்ப்யூட்டருக்குள் எடுத்ததும் நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? வெளிச்சத்தை இன்னும் கூட்டினேன்! ஃபோகஸ் பார்க்க முன்னர், அளவு பார்க்க முன்னர், கை தன்பாட்டில் அந்தப் பட்டனுக்குப் போனது. யாராவது சொன்னார்களா? இல்லை. நம்முடைய ஆட்களின் படம் கையில் கிடைத்தால் நாம் செய்கிற முதல் காரியம் அதுதானே. கல்யாண ஆல்பம், பிறந்தநாள் பலூன் படம், எல்லாவற்றிலும் ஒரு சுற்று வெளுத்த பிறகுதான் வெளியே விடுவோம். இந்தப் பத்தியின் தலையில் இத்தனை வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் என் படத்தையே எடுங்கள்... வேண்டாம், அதைப் பிறகு பார்ப்போம்.

ஐந்தாவது தடவை வெளிச்சத்தைக் குறைத்தேன். இப்போது முகம் முழுவதும் ஒரே சாம்பல். மூக்கு இல்லை, கன்னம் இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தது. அந்த ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மூக்கின் நிழல், கன்னத்தின் மேடு, கண்ணுக்குக் கீழ் இருந்த பள்ளம் எல்லாவற்றையும் தடவி அழித்திருக்கிறார். இல்லாததை எந்த மெஷின் கொண்டுவரும்?

அந்த நேரம் பார்த்து சீலன் அண்ணை வந்து பால்கனியில் நின்றார். பூசைக்கு மூன்று நாள் இருக்கிறது.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மெஷின்லை பிழையில்லை. இந்தப் படத்திலை முகமே இல்லை. வெள்ளையாக்கிறன் எண்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாங்கள்.”

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

“எனக்கு அது இருவத்தைஞ்சு வருசத்துக்கு முன்னமே தெரியும், தங்கச்சி” என்றார்.

நான் மெஷினை நிறுத்தினேன்.

“அவள் ரோமிலை வந்து இறங்கினவள். அங்கை இருந்த சொந்தக்காரர் ரயில் ஏத்திவிட்டினம். நான் காலமை இஞ்சை ஸ்டேஷன்லை இந்தப் படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். சனமெல்லாம் இறங்கிப் போட்டுது. ஒரு பிள்ளை மட்டும் சூட்கேசோடை நிக்குது. எங்கடை ஆள்தான் எண்டு விளங்குது. ஆனா நான் தேடுறது இந்த முகத்தையல்லோ? தாண்டிப் போனன். திரும்பி வந்தன். பேந்தும் தாண்டிப் போனன்.”

“எத்தினை தரம் அண்ணை?”

“மூண்டு தரம். நாலாந்தரம் கிட்டப் போய், இந்தப் படத்தை அவளுக்கு நீட்டிக் கேட்டன்... ‘தங்கச்சி, இந்தப் பிள்ளையை ரயில்லை எங்கையாவது கண்டனீங்களோ?’ எண்டு.”

ஐயோ கடவுளே! கட்டிக்கொள்ள வந்தவளிடம் அவளுடைய படத்தையே காட்டி, அவளைக் கண்டாயா என்று கேட்பதா? போதாததற்குத் ‘தங்கச்சி’ வேறு!

“அக்கா என்ன சொன்னவ?”

“‘அது நான்தான்’ எண்டாள். வேறை ஒண்டும் சொல்லேல்லை. சூட்கேசைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னாலை நடந்து வந்தாள். அண்டைக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைச்சதில்லை.”

எனக்குள் பழைய படங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள், புதுவருடம், கடற்கரைக்குப் போன நாட்கள்... எந்தப் படத்தில் பிலோமி அக்கா இருக்கிறார்? “நீங்கள் நில்லுங்கோ, நான் எடுக்கிறன்” என்று போனை வாங்கிக்கொள்வார். விடமாட்டோம் என்று இழுத்தால், கடைசி வரிசையில் ஒரு ஓரம். படம் எடுப்பது அக்காவுக்கு விருப்பம் என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன மடைத்தனம்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேலும்தான். ஆனால் முன்னால் இருந்தவர் அவர்.

“அண்ணை, உங்களுக்கு விசரே? அந்தப் படத்தையே கொண்டுபோய் வாசல்லை வைச்சு, ஊரைக் கூப்பிட்டுக் காட்டப் போறியளோ?”

“அவளுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சன், தங்கச்சி” என்றார் மெதுவாக. “அதிலை அவள் வெள்ளையா இருக்கிறாள்தானே.”

இதற்கு என்ன சொல்வீர்கள்? அண்ணை மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், குத்தின முள்ளையே எடுத்துப் பூச்சட்டியில் வைக்கப் பார்க்கிறார். திட்ட வந்த எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

“வேறை படம் இல்லையோ? கலியாண ஆல்பத்திலை?”

“அதிலையும் பவுடர் அப்பி, பேந்து படக்காரனும் தன்ரை பங்குக்கு வெள்ளையாக்கி...” என்று இழுத்தவர், பொக்கற்றிலிருந்து பர்ஸை எடுத்தார். தன் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே எல்லோரும் உயிரைப்போலப் பொத்தி வைத்திருக்கும் வதிவிட அட்டை, அதற்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். “ஒண்டு இருக்குது. ஆனா வடிவில்லை.”

தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய படம். மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிட்டன. அக்கா வந்த கிழமை, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பதிவதற்காக, காசு போட்டால் தானே படம் எடுக்கிற ஸ்டேஷன் படப்பெட்டிக்குள் இருத்தி எடுத்த நாலில் ஒன்று. மூன்றைக் கந்தோரில் கொடுத்தாயிற்று, நாலாவது இது.

பெட்டியின் திரைச்சீலை சரியாக மூடவில்லை போல. ஒரு பக்கமிருந்து வெயில் அடித்திருக்கிறது. கறுத்த கன்னத்தில் அந்த வெளிச்சம் பளபளவென்று நிற்கிறது. மூக்கின் மறுபக்கம் நிழல். கண் இரண்டும் நேராகப் பார்க்கின்றன. கோபமா சிரிப்பா என்று தெரியாமல் ஒரு பக்க உதடு மடிந்திருக்கிறது. தொடாத படம். ஒருவரும் கை வைக்காத படம்.

வடிவில்லையாம்! எனக்கு அந்த நாயின் ஞாபகம் வந்தது. கறுப்பும், அதன் மேல் விழுந்த வெளிச்சமும். நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தானே.

“இதை ஏன் அண்ணை இவ்வளவு காலமும் பர்ஸுக்கை வைச்சிருந்தனீங்கள்?”

“குவெஸ்தூராவிலை திருப்பிக் கேட்டால் குடுக்க வேணுமெல்லோ?”

“இருவத்தைஞ்சு வருசமாக் கேக்கேல்லையே?”

அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சிரித்தார். அறுபதை நெருங்குகிற மனுசன் வெட்கப்படுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி, லேசர் வைத்திருக்கிற வாசகர்களுக்காகச் சில வரிகள். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

அந்தப் படத்தை நான் போனில் எடுக்கவில்லை. போன் இருக்கிறதே, அதுவும் அந்த ஸ்டூடியோக்காரருக்குத் தம்பிதான். கேட்காமலே முகத்தைத் தடவி வெளுத்துவிடும். ஸ்கேனரில் வைத்து, அதன் உச்ச அளவில் எடுத்தேன். வெளிச்சப் பட்டனுக்குப் போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். நிழலும் வெயிலும் பிரிந்து நிற்கிற அளவுக்கு மட்டும் கான்ட்ராஸ்ட். விளிம்புகளைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன். திரையில் அது முரடாகத்தான் தெரியும், மனதைத் தளரவிடாதீர்கள், மரம் அதை மென்மையாக்கிவிடும். பிறகு பெட்டிப் பலகையில் மூக்கையும் ஒரு கன்னத்தையும் மட்டும் சின்னதாகச் சுட்டுப் பார்த்தேன். ஏழு மூக்கு. எட்டாவது மூக்குதான் அக்காவின் மூக்கு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, வெளிர் நிறமான நல்ல பலகை ஒன்றை எடுத்து வைத்து, கட்டையால் ஃபோகஸ் அளந்து, மெஷினை ஓடவிட்டேன். தலைமயிர் முடிந்து நெற்றி தொடங்கியது. கதிர் அணையவில்லை! முகத்துக்குள் போய் வேலை செய்தது. புருவத்துக்குக் கீழே, மூக்கின் பக்கத்தில், கன்னத்தின் வளைவில்... புள்ளி புள்ளியாக அக்கா வந்துகொண்டிருந்தார். இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போன இடம். நான் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். புகைதான் என்று மனுசனுக்குச் சொன்னேன்.

“இது பிலோமியக்காவல்லோ!” என்றார் அவர். தோசைக்கல் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

எல்லாம் சரி. ஆனால் சனிக்கிழமை முழுவதும் எனக்கும் சீலன் அண்ணைக்கும் ஒரே யோசனை. இருபத்தைந்து வருடமாகக் கமெராவுக்கு ஒளிந்து திரிந்தவர். அவருடைய கறுத்த முகத்தைப் பெரிதாக்கி, அவரைக் கேட்காமலே, சனம் நிறைந்த மண்டபத்தின் வாசலில் வைக்கப்போகிறோம். பழைய காயத்துக்கு மருந்தா, அதைக் கிளறிவிடுகிற வேலையா? “பேசாமல் விட்டிடுவமோ?” என்று அண்ணை இரண்டு தடவை போன் எடுத்தார். இரண்டு தடவையும் “இல்லை, வைப்பம்” என்றேன். உள்ளுக்குள் எனக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிறு. பூசை முடிந்தது. மண்டபத்தில் ரோல்ஸும் மட்டன் கறியும் மணந்தன. கேக்குக்குப் பக்கத்தில் பலகை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. சீலன் அண்ணை துணியை எடுக்கப் போனார், பிறகு பின்வாங்கி என்னைப் பார்த்தார். நான்தான் எடுத்துவிட்டேன்.

முதலில் வாய் திறந்தது அக்கா இல்லை. பக்கத்தில் நின்ற, பட்டுச்சேலை கட்டின ஒரு அம்மா.

“என்ன பிள்ளையள், இவ்வளவு கறுப்பா அடிச்சு வைச்சிருக்கிறியள்? கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கலாமே.”

அக்காவுக்கு அது கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க வழியே இல்லை, அவ்வளவு கிட்ட நின்றார்.

பிலோமி அக்கா பலகையை இரண்டு கையாலும் தூக்கினார். யன்னல் பக்கம் கொண்டுபோனார். பெருவிரலால் அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நாங்கள் பின்னாலேயே போய் நின்றோம்.

“இது ஸ்டேஷன் பெட்டிக்கை இருந்து எடுத்ததல்லோ” என்றார். “நாலு எடுத்தது. ஒண்டு துலைஞ்சு போச்சு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“துலையேல்லை, பிலோமி” என்று அண்ணை பர்ஸைத் திறந்து, மூலை தேய்ந்த அந்தச் சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். “என்னட்டைத்தான் இருந்தது. எப்பவும்.”

அக்கா அதையும் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அண்டைக்கு மூண்டு தரம் தாண்டிப் போனனீங்கள்.”

அவ்வளவுதான் சொன்னார். அண்ணையின் முகம் செத்துவிட்டது.

“ஓம். பிழை என்னிலைதான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். மன்னிச்சுக்கொள், பிலோமி.”

“எனக்கு முதல் தரமே தெரிஞ்சது, நீங்கள்தான் எண்டு” என்றார் அக்கா. “நீங்கள் அனுப்பின படத்திலையும் உங்களை வெள்ளையாக்கித்தான் வைச்சிருந்தாங்கள். எண்டாலும் நான் கண்டுபிடிச்சிட்டன்.”

“அப்ப ஏன் கூப்பிடேல்லை?”

“நீங்களா என்னைக் காணவேணும் எண்டு நிண்டனான்.”

அண்ணைக்குக் கண் நிறைந்து வழிந்தது. எனக்கும்தான், அங்கே சாட்டுச் சொல்லப் புகையும் இல்லை. அக்கா பலகையைத் திரும்பவும் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே ஒரு பக்க உதடு மடிந்தது.

“சரி, இண்டைக்குக் கண்டிட்டியள்தானே. வாங்கோ, சாப்பாடு ஆறுது.”

போகிற வழியில் பட்டுச்சேலை அம்மாவிடம் நின்றார். “மாமி, நான் கறுப்புத்தானே. வேறை என்ன நிறத்திலை அடிக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மாமி அவசரமாக ரோல்ஸ் ஒன்றைக் கடித்தார்.

கேக் வெட்டியாயிற்று. எல்லோரும் படம் எடுக்க வரிசையானோம். வழக்கம்போல நான் அக்காவின் கை போனுக்கு நீளும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீளவில்லை. நேராக வந்து நடுவில் நின்றார், பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எடுக்க வந்த பிள்ளை போனில் ஏதோ தட்டியதும், “அதிலை பில்டர் கில்டர் ஒண்டும் போடாதை, அப்பிடியே எடு” என்றார்.

அந்தப் படத்தில் நாங்கள் இருபது பேர் இருக்கிறோம். எல்லோருடைய முகமும் இருக்கிறது. கரையில் நிற்கிற என் முகத்தையும் நெடுநேரம் பார்த்தேன். நெற்றியில் இரண்டு கோடு, கண்ணுக்குக் கீழ் நிழல், நல்ல மாநிறம்... பரவாயில்லையே! லேசர் சுடுவதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆசிரியருக்கு அதை வெட்டி அனுப்பிவைத்தேன்.

ஆகவே, இந்த வாரம் பத்தியின் தலையில் இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு ‘யார் இந்தப் புது ஆள்?’ என்று யாரும் கேட்டு எழுதாதீர்கள்... அது நான்தான்.